இறால் தலை ஏன் கறுக்கிறது? நண்டும் இறாலும் கிருமியை எதிர்க்கும் விதம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வெள்ளவத்தைச் சந்தையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா ஒருவர் குவியலிலிருந்து ஒரு இறாலைத் தூக்கினார். அதன் தலைப் பக்கம் மை தொட்டு வைத்தது போல் கறுத்திருந்தது. "தம்பி, இது மருந்து போட்ட இறால்தானே?" என்று கேட்டார். "இல்லை அம்மா, ஐஸ் குறைஞ்சு போச்சு, அதான்" என்றார் விற்பவர். அம்மா நம்பவில்லை. பக்கத்தில் நின்ற இன்னொருவர், "பண்ணை இறாலுக்கு நோயை எதிர்க்கிற சக்தியே கிடையாது, ஊசி போட்டுத்தான் வளர்க்கிறாங்கள்" என்று தன் பங்குக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

மூவரில் விற்பவர் சொன்னதுதான் உண்மைக்குக் கிட்ட நிற்கிறது. அந்தக் கறுப்பு மருந்தும் இல்லை, நோயும் இல்லை. இறால் தன் உடம்புக்குள் வைத்திருந்த ஓர் ஆயுதம், அது செத்த பிறகு தானாக வெடித்த அடையாளம். அந்த ஆயுதம் எது, உயிரோடு இருந்தபோது இறாலுக்கு அது என்ன செய்தது என்பதை எளிமையாகச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நண்டு, இறால், சிங்கி இறால், கூனி எல்லாம் சேர்ந்த கூட்டத்தைப் பாடநூல்கள் கிரஸ்டேசியா என்கின்றன. நான் நண்டு இறால் இனம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

எதிர்ப்பு இரண்டு வகை

"இறாலுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை" என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

நம் உடம்பில் நோயெதிர்ப்பு இரண்டு அடுக்காக இருக்கிறது. காலில் ஆணி குத்தினால் சில மணி நேரத்துக்குள் அந்த இடம் சிவந்து வீங்குகிறது. வந்த கிருமி எது என்று உடம்பு விசாரித்துக்கொண்டு இருப்பதில்லை, உடனே பாய்கிறது. பிறக்கும்போதே கூட வரும் இந்த முதல் அடுக்கைப் பிறவி எதிர்ப்பு என்போம். அடுத்தது, பட்டுக் கற்றுக்கொள்வது. சின்ன வயதில் கொப்பளிப்பான் வந்தவருக்குப் பெரும்பாலும் அது மறுபடி வருவதில்லை. அந்தக் கிருமிக்கென்றே அளவெடுத்துச் செய்த புரதங்களை உடம்பு அப்போது உருவாக்கிவிடுகிறது. அவற்றுக்குப் பிறபொருளெதிரிகள் என்று பெயர். இதைக் கற்ற எதிர்ப்பு என்போம். தடுப்பூசிகள் நம்பியிருப்பது இந்த இரண்டாவது அடுக்கைத்தான்.

பிறபொருளெதிரி செய்யும் வித்தை தாடையுள்ள முள்ளந்தண்டு விலங்குகளுக்கு மட்டுமே உண்டு. சுறாவுக்கு உண்டு, பாரை மீனுக்கு உண்டு, நமக்கும் உண்டு. நண்டுக்கும் இறாலுக்கும் இல்லை. இதைக் கேட்டவர்கள்தான் "எதிர்ப்பே இல்லை" என்று சுருக்கிவிடுகிறார்கள். அது பெரிய தவறு. ஒரு மில்லிலீற்றர் கடல்நீரில், அதாவது கால் தேக்கரண்டிக்கும் குறைவான நீரில், ஏறக்குறைய 10 இலட்சம் பக்டீரியாக்கள் இருக்கின்றன. இறால் அதைத்தான் குடிக்கிறது, அதில்தான் மூச்சு விடுகிறது, அழுகிய சேற்றைக் கிளறித்தான் தின்கிறது. எதிர்ப்பு இல்லாத உடம்பு அங்கே ஒரு நாள்கூடத் தாங்காது. இந்த இனமோ 50 கோடி ஆண்டுகளாகக் கடலில் இருக்கிறது. இத்தனை காலமும் அதைக் காத்து நிற்பது அந்த முதல் அடுக்குத்தான்.

மதில்: ஓடு

திருடனைப் பிடிப்பதைவிட உள்ளே விடாமல் இருப்பது நல்லது. நண்டின் ஓடு கைட்டின் என்ற நார்ப்பொருளால் நெய்யப்பட்டு, கல்சியம் காபனேற்றால் இறுகியது. சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே கல்சியம் காபனேற்றுத்தான். நம் தோலைப் போல மென்மையானது இல்லை, பக்டீரியா இலேசில் துளைக்க முடியாது. பலருக்குத் தெரியாத ஒன்று: இந்த மதில் வாய் வழியாக உள்ளேயும் போகிறது. குடலின் முன்பகுதியும் பின்பகுதியும் அதே ஓட்டுப் பொருளின் மெல்லிய படலத்தால் மூடப்பட்டிருக்கின்றன. நண்டு ஓடு கழற்றும்போது வயிற்றின் உள்தோலையும் சேர்த்தே கழற்றிப் போடுகிறது!

மதிலில் பலவீனமான இடங்களும் உண்டு. குடலின் நடுப்பகுதியில் அந்தப் படலம் இல்லை. உணவை உறிஞ்ச வேண்டிய இடம் என்பதால் அங்கே கவசம் போட முடியாது. பூக்களில், அதாவது மூச்சு விடும் செவுள்களில், ஒட்சிசன் உள்ளே வர வேண்டும், அதனால் அங்கே ஓடு மிக மெல்லியது. இவற்றையெல்லாம்விட ஆபத்தான நேரம் ஓடு கழற்றும் நேரம். "நிலவு காலத்தில் நண்டு வாங்காதே, சதை இருக்காது" என்று எங்கள் வீட்டில் அம்மா சொல்லுவார். சதையில்லாத நண்டு என்பது அண்மையில் ஓடு கழற்றிய நண்டு. புது ஓட்டைப் பெரிதாக்கத் தண்ணீரை உறிஞ்சி ஊதிக்கொண்டு நிற்கும், அதனால் சட்டியில் போட்டால் ஒன்றும் மிஞ்சாது. அந்த நாட்களில் அதன் ஓடு கடதாசி மாதிரி. சிறு கீறலும் கிருமிக்கு வாசல்.

மதில் உடைந்தால்: உறைதல்

நம் இரத்தம் குழாய்க்குள்ளேயே ஓடித் திரும்பிவிடுகிறது. நண்டுக்கு அப்படி இல்லை. இதயத்திலிருந்து குழாய் வழியாகப் புறப்படும் இரத்தம், பிறகு உறுப்புகளுக்கு இடையிலுள்ள வெளிகளில் கொட்டிவிடுகிறது. அடை மழைக்குப் பிறகு ஒழுங்கையில் வீடுகளைச் சுற்றித் தண்ணீர் நிற்குமே, அப்படி ஈரலையும் தசையையும் நனைத்துக்கொண்டு நிற்கும். இந்த இரத்தத்துக்கு ஹீமோலிம்ஃப் என்று பெயர். அதில் ஒட்சிசனைச் சுமப்பது இரும்புள்ள சிவப்புப் பொருள் அல்ல, செப்புள்ள ஹீமோசயனின். அதனால்தான் நண்டு வெட்டும்போது வடிவது காற்றுப் பட்டதும் இலேசாக நீலம் காட்டுகிறது.

எல்லாம் ஒரே குளமாக இருந்தால் ஒரு ஓட்டை போதும், முழுதும் வடிந்துவிடும். ஆகவே உறைதல் மிக வேகமாக நடக்க வேண்டும். காயம் பட்டதும் அங்குள்ள குருதிக்கலங்கள் வெடித்து ஒரு நொதியத்தைக் கொட்டுகின்றன. நொதியம் என்பது உடம்பில் ஒரு வேலையை விரைவாக்கும் புரதம். இரத்தத்தில் ஏற்கெனவே மிதந்துகொண்டிருக்கும் உறைபுரதத்தை அது ஒன்றோடொன்று தைத்து வலையாக்கிவிடுகிறது. வலை ஓட்டையையும் அடைக்கிறது, நுழைந்த பக்டீரியாவையும் அங்கேயே பிடித்து வைக்கிறது.

அடுத்த முறை நண்டு வாங்கும்போது கால் ஒடிந்த ஒன்றைப் பாருங்கள். ஒடிந்த அடியில் ஒரு வழுவழுப்பான மூடி இருக்கும், பழைய காயமானால் அது கறுத்திருக்கும். அந்தக் கறுப்பும் இறால் தலைக் கறுப்பும் ஒரே பொருள். கொஞ்சத்தில் அதற்கு வருகிறேன்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: நண்டுக்குக் கற்ற எதிர்ப்பு இல்லை, பிறவி எதிர்ப்பு உண்டு. முதல் காவல் ஓடு. ஓடு உடைந்தால் நீல இரத்தம் உடனே உறைந்து வாசலை அடைக்கிறது.

அந்நியனை எப்படி அடையாளம் காண்கிறது?

முன்பின் பார்த்திராத கிருமியை நண்டின் உடம்பு எப்படித் தெரிந்துகொள்கிறது? காலை ஏழு மணிக்குக் காலி வீதியில் நின்று பாருங்கள். வெள்ளைச் சீருடையில் போகும் பிள்ளை ஒருவரின் பெயர் உங்களுக்குத் தெரியாது, வீடு தெரியாது. ஆனாலும் பள்ளிக்கூடப் பிள்ளை என்று ஒரு பார்வையில் தெரியும். ஆளைத் தெரிய வேண்டியதில்லை, உடை தெரிந்தால் போதும்.

பக்டீரியாக்களுக்கும் அப்படி ஒரு சீருடை உண்டு. அவற்றின் கலச்சுவரில் பெப்டிடோகிளைக்கன் என்ற பொருள் இருக்கிறது. இறாலைத் தாக்கும் விப்ரியோ போன்றவற்றின் வெளித்தோலில் லிப்போபொலிசக்கரைட்டு என்ற இன்னொன்றும் இருக்கிறது. நண்டின் உடம்பில் இவை இரண்டும் கிடையாது. ஆகவே இரத்தத்தில் இவை தென்பட்டால் அது அந்நியன்தான். இந்தச் சீருடைகளைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் நண்டின் இரத்தத்தில் எப்போதும் மிதக்கின்றன. அவற்றை அடையாளங்காணும் புரதங்கள் என்போம்.

பிள்ளை வீட்டுக்குப் போய் உடை மாற்றிக்கொள்ளலாம். பக்டீரியாவால் அது இலேசில் முடியாது, அந்தச் சுவர் இல்லாமல் அதற்கு வாழ்வே இல்லை. பல கோடி ஆண்டுகளாக இந்த முறை பழுதில்லாமல் வேலை செய்வதற்குக் காரணம் அதுதான்.

கறுப்பு ஆயுதம்

இப்போது இறால் தலைக்கு வருவோம். இந்த முழுக் கதையிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

வாழைக்காயைச் சீவிச் சும்மா வைத்தால் என்ன ஆகும்? கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். அதனால்தான் தண்ணீரில் தேசிக்காய்ப் புளி விட்டுப் போடுகிறோம். கத்தரிக்காயும் அப்படித்தான். வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு நொதியம் வெளிவந்து, காயிலுள்ள பீனோல் என்ற பொருட்களைக் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்க்கிறது. அதனால் வருவதுதான் அந்தக் கறுப்பு. நண்டு இறால் இனத்திலும் இதே மாதிரி வேலை செய்யும் நொதியம் ஒன்று இருக்கிறது. பெயர் பீனோல் ஒக்சிடேஸ். அது கடைசியில் உண்டாக்கும் கறுப்புப் பொருள் மெலனின். நம் தலைமுடியின் கறுப்புக்கும் அந்தப் பெயர்தான்.

வாழைக்காயில் வெட்டியதும் தானாக நடக்கும் இந்த வேலையை இறால் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. நொதியம் நேரடியாக இரத்தத்தில் சுற்றுவதில்லை. உறைக்குள் போட்ட கத்தி மாதிரி, வேலை செய்யாத நிலையில் குருதிக்கலங்களின் சிறு பைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. அடையாளங்காணும் புரதம் ஒரு பக்டீரியாவின் சீருடையைப் பற்றியதும் கலம் பைகளை அவிழ்க்கிறது. வெளியே ஒரு நொதியம் இன்னொரு நொதியத்தின் உறையைக் கழற்றும், அது அடுத்ததன் உறையைக் கழற்றும். ஒவ்வொன்றும் பலவற்றைக் கழற்றிவிடுவதால் சரவெடி போல வேலை பெருகிக்கொண்டே போகும். கடைசியில் பீனோல் ஒக்சிடேஸ் உறையை விட்டு வெளிவரும்.

அது வந்ததும் பீனோல்களிலிருந்து குயினோன் என்ற நச்சுப் பொருட்கள் உண்டாகின்றன. இவை பக்டீரியாவைத் தாக்கும். பிறகு அவை ஒன்றோடொன்று கோத்து மெலனினாகி, கிருமியைச் சுற்றிக் கறுப்புக் கூடு கட்டிவிடும். கொன்றது பாதி, உயிரோடு சிறை வைத்தது மீதி. நண்டின் ஒடிந்த காலடியில் கண்டது இந்தக் கூடுதான். ஓட்டின் மேல் சில வேளை காணும் கறுப்புப் புள்ளிகளும் பலவேளை இப்படி ஆறிய காயங்களே. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் கென்னத் சோடர்ஹால் என்பவரின் குழு நன்னீர்ச் சிங்கி இறாலை வைத்துப் பல ஆண்டுகள் வேலை செய்துதான் இந்தச் சங்கிலியின் பெரும்பகுதியைக் கண்டுபிடித்தது.

இறால் செத்த பிறகு இந்தச் சங்கிலியைப் பூட்டி வைக்க ஆள் இல்லை. கலங்கள் சிதைகின்றன, உறைகள் கழல்கின்றன, காற்றிலிருந்து ஒட்சிசன் கிடைக்கிறது. ஈரலும் இரத்தமும் நிறைந்த தலைப் பகுதியில் முதலில் கறுப்பு தெரிகிறது. ஐஸ் நன்றாக இருந்தால் நொதியம் மெதுவாகும், ஐஸ் குறைந்தால் வேகமாகும். சந்தையில் அந்தத் தம்பி சொன்னது அப்படியே சரி. உண்மையில் மருந்து என்று ஒன்று போடுவதானால் அது கறுக்காமல் இருக்கத்தான்: சோடியம் மெட்டாபைசல்பைற்றில் இறாலை முக்கி எடுக்கும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. அந்தக் கறுப்பு நஞ்சும் இல்லை. கெட்டுவிட்டதா என்று அறிய மணத்தையும் சதையின் இறுக்கத்தையும் பாருங்கள். முதுகில் ஓடும் கறுப்பு நூல் வேறு கதை, அது குடல். அதைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவு கூர்மையான கத்தி கையில் இருந்தால் தன் கையும் வெட்டுப்படும். குயினோன் இறாலின் சொந்தத் தசையையும் சுடக்கூடியது. அதனால் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் அதைப் பிடித்து நிறுத்தும் புரதங்களும் கூடவே இரத்தத்தில் இருக்கின்றன. வெடி காயம் பட்ட இடத்தில் மட்டும் வெடித்து அடங்கிவிட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது.

விழுங்கும் கலங்கள்

இரத்தத்தில் மிதக்கும் குருதிக்கலங்களுக்கு வேறொரு வேலையும் உண்டு. கிருமியை நேரே விழுங்கிச் செரித்துவிடுவது. இது உடம்பின் காவல் என்று கண்டு உலகுக்குச் சொன்னவர் ரஷ்ய விஞ்ஞானி இலியா மெச்னிக்கோவ். அவர் பார்த்த உயிர்களில் ஒன்று நண்டு இறால் இனத்தைச் சேர்ந்ததே. நீர்த்தெள்ளு என்று ஒன்று உண்டு. மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் குஞ்சு மீனுக்குக் கொடுக்கும் டஃப்னியா அதுதான். உடம்பு கண்ணாடி மாதிரி, நுணுக்குக்காட்டியில் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். குடலைத் துளைத்துக்கொண்டு வந்த பூஞ்சையின் ஊசி போன்ற வித்துகளை நீர்த்தெள்ளின் குருதிக்கலங்கள் சூழ்ந்து விழுங்குவதை அவர் பார்த்தார். 1884ல் அதை வெளியிட்டார். 1908ல் பவுல் ஏர்லிக்குடன் நோபல் பரிசு பெற்றார். நம் உடம்பின் வெண்குருதிக்கலங்கள் கிருமியை விழுங்குவதை நமக்குப் புரிய வைத்த கண்டுபிடிப்பு, அரிசி அளவுகூட இல்லாத ஓர் உயிரைப் பார்த்தும் வந்தது.

நண்டின் இரத்தத்தில் பக்டீரியாக்களைச் செலுத்திப் பார்த்தால், சில மணி நேரத்தில் பெரும்பாலானவை இரத்தத்திலிருந்து மறைந்துவிடுகின்றன. குருதிக்கலங்கள் அவற்றைச் சுற்றி முடிச்சு முடிச்சாகத் திரண்டு பூக்களின் நுண்ணிய வழிகளில் போய்ச் சிக்கிக்கொள்கின்றன. அடுத்த முறை ஓடு கழற்றும்போது பூவின் பழைய தோலோடு அந்த முடிச்சுகளில் பலவும் வெளியே போய்விடுகின்றன. ஆனால் இதற்கு விலை உண்டு. பூ என்பது மூச்சு விடும் இடம், அது அடைபட்டால் ஒட்சிசன் எடுப்பது குறையும். கிருமியோடு போராடும் நண்டு மூச்சுக்கும் சேர்த்தே போராடுகிறது. கடைசிப் பகுதிக்கு இது தேவைப்படும்.

குட்டி வெடிகுண்டுகள்

இன்னொரு படையும் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்டீரியாவின் தோலில் போய் ஒட்டி அதைப் பொத்தல் போடும் மிகச் சிறிய புரதத் துண்டுகள் அவை, கிருமிகொல்லிப் பெப்டைட்டுகள் என்று பெயர். 1997ல் வனாமி இறாலில் கண்டுபிடிக்கப்பட்டவை பீனியடின்கள். இவை குருதிக்கலங்களில் முன்கூட்டியே செய்து சேமிக்கப்பட்டிருக்கின்றன, தேவை வந்ததும் வெளியே கொட்டப்படும். நம் கண்ணீரில் உள்ள லைசோசைமும் இறாலிடம் உண்டு, அது பக்டீரியாவின் சுவரை அரிக்கும்.

மறுபடியும் ஒரு வரி: சீருடையைக் கண்டதும் கறுப்புக் கூடு, விழுங்கும் கலம், பொத்தல் போடும் பெப்டைட்டு எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. எல்லாமே முன்கூட்டியே தயாராக இருப்பவை. இரண்டு வாரம் காத்திருந்து பிறபொருளெதிரி செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

ஞாபகம் உண்டா?

நீண்ட காலம் விஞ்ஞானிகள் "அறவே இல்லை" என்றுதான் சொல்லிவந்தார்கள். 2003ல் குர்ட்ஸ், ஃபிரான்ஸ் என்ற இருவர் கோபிபொட் என்னும் சின்னஞ்சிறு நீருயிரில் ஒரு பரிசோதனை செய்தார்கள். அதுவும் இந்த இனமே. ஒருமுறை ஒரு நாடாப்புழுவைச் சந்தித்த கோபிபொட், அதற்கு நெருங்கிய உறவான புழு மறுபடி வந்தபோது அதைக் கூடுதலாக எதிர்த்து நின்றது. அதன் பிறகு இறாலிலும் நீர்த்தெள்ளிலும் இப்படிப்பட்ட அறிகுறிகளைத் தேடும் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. ஆனால் இதை நம் தடுப்பூசி ஞாபகத்தோடு ஒன்றாக வைக்கக் கூடாது. இறாலிடம் பிறபொருளெதிரி இல்லை என்பது அப்படியே நிற்கிறது. ஆகவே "இறாலுக்குத் தடுப்பூசி" என்று யாராவது விற்றால், பிள்ளைக்குப் போடும் ஊசி போல அது வேலை செய்யும் என்று எண்ணிவிடாதீர்கள்.

பண்ணையில் ஏன் சாகிறது?

இத்தனை காவல் இருந்தும் புத்தளம், சிலாபம் பக்கக் குளங்களில் இறால் கூட்டமாகச் சாவதேன் என்று நீங்கள் கேட்கலாம். பல சாவுகளுக்குக் காரணம் பக்டீரியா இல்லை, வெண்புள்ளி நோய் போன்ற வைரஸ். வைரஸுக்கு மேலே சொன்ன சுவர்ச் சீருடை கிடையாது. அது இறாலின் சொந்தக் கலத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். பக்டீரியாவைக் கொல்லும் மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. அந்த மருந்தைக் குளத்தில் கொட்டுவதில் வீண் செலவும் ஆபத்தும்தான் மிச்சம்.

பக்டீரியாவிலும் ஏமாற்றுக்காரர்கள் உண்டு. 2009ல் சீனாவில் முதலில் தெரியவந்து பிறகு ஆசியாவில் பரவிய ஒரு நோய், குஞ்சு விட்டு முதல் மாதத்துக்குள் குளத்தையே வெறுமையாக்கியது. 2013ல்தான் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னரின் குழு காரணத்தைக் கண்டது. விப்ரியோ பரஹீமோலிட்டிக்கஸ் என்ற பக்டீரியாவின் ஒரு வகை இறாலின் வயிற்றில் குடியேறி நஞ்சைக் கக்குகிறது. அந்த நஞ்சு ஈரலுக்குப் போய் அதைச் சிதைக்கிறது. பக்டீரியா மதிலைத் தாண்டி இரத்தத்துக்குள் வராமலே காரியத்தை முடித்துவிடுகிறது. உள்ளே காவல் நிற்கும் கலங்களுக்கு முதல் சேதம் நடக்கும்வரை ஆளே கண்ணில் படுவதில்லை.

மற்ற விப்ரியோக்களோ எப்போதும் அந்தத் தண்ணீரில் இருப்பவைதான். ஆரோக்கியமான இறால் அவற்றை நாள்தோறும் சமாளித்துக்கொண்டே வாழ்கிறது. சமநிலை குலைவது பெரும்பாலும் ஒட்சிசன் குறையும்போது. நீரில் ஒட்சிசன் குறைந்தால் இறாலின் குருதிக்கலங்களின் எண்ணிக்கை குறைகிறது, பூக்களில் முடிச்சு சேரும்போது மூச்சும் முட்டுகிறது. குளத்தில் பாசி பகலில் ஒட்சிசன் விடும், இரவில் அதுவே ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும். அதனால் விடியும் முன் உள்ள சில மணி நேரம்தான் மிக மோசம். புத்தளம் வீதியில் அதிகாலை பஸ்ஸில் போனவர்கள் இருட்டில் குளங்களில் ஒட்சிசன் கலக்கும்படி சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டிருக்கும் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். ஊசியைவிட, வாளி வாளியாகக் கொட்டும் மருந்தைவிட, இறாலின் சொந்தக் காவலுக்கு அந்த நேரத்தில் உதவுவது அந்தச் சக்கரங்கள்தான்.